சிவந்துபோன படம்

2019-ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று கோவில்பட்டியில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் நுழைந்தபோது, எதிர்ச்சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்து ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். அது கறுப்பு வெள்ளைப் படம். அப்படித்தான் நான் அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். இப்போது அம்மாவின் தலைமுடி செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கன்னத்தின் நிழல்களில் ஒரு செம்மஞ்சள் சாயல் படர்ந்திருந்தது. சேலையின் கரை இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் மிச்சம். பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் வைக்கும் குங்குமம் நெற்றியில் ஒரு தடிப்பாகப் படிந்திருந்தது. முகத்தைவிட அந்தக் குங்குமமே தெளிவாகத் தெரிந்தது.

"வெயில் படுத எடத்துல மாட்டிட்டீகளா பெரியம்மா?" என்று கேட்டேன். கேட்ட தொனி இப்போதும் காதில் இருக்கிறது. பரீட்சை நோட்டில் மை கொட்டிய மாணவனிடம் கேட்கிற தொனி.

"இங்க எங்கய்யா வெயிலு வருது?" என்றார் முதலில். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படுதோ என்னமோ. நான் உள்ள எடுத்து வச்சிருதேன்" என்றார். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் படம் அரிசி மூட்டை இருக்கும் இருட்டறைக்குப் போய்விட்டது.

இந்தப் படத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1974-இல், அம்மாவுக்குத் திருமணம் நிச்சயமாவதற்கு முன்பு, அக்காளும் தங்கையுமாக ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. தபால் அட்டை அளவு. எங்கள் வீட்டில் இருந்த பிரதி ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போய், முகங்கள் கண்ணாடிக்கும் தாளுக்கும் பாதிப்பாதியாகப் பங்கு போயின. 2017 ஆகஸ்டில் அம்மா இறந்தபோது நல்ல நிலையில் இருந்தது பெரியம்மாவின் பிரதி மட்டுமே. பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும் என்று அதை வாங்கிவந்து ஸ்கேன் செய்தேன். உயிரோடிருக்கிறவரை இறந்தவரோடு சேர்த்துச் சுவரில் மாட்டக் கூடாது என்பதால் அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தேன். அம்மாவின் இடது தோளில் பெரியம்மாவின் விரல்கள் நான்கு இருந்தன. அவற்றை மென்பொருளில் அழித்து, பக்கத்துச் சேலைத் துணியை நகல் எடுத்து அங்கே நிரப்பினேன். நன்றாகவே செய்திருந்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஏ4 அளவில் ஆறு படங்கள் அச்சிட்டேன். ஒன்றை அட்டையில் ஒட்டிப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். "பழசு சின்னது, மங்கல். இது பெருசு, தெளிவா இருக்கு. பழச நான் பத்திரமா வச்சிக்கிடுதேன்" என்றேன். அவர் புதிய படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிய்யா" என்றார். கண்ணாடிச் சட்டம் வேண்டாம், இது தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாத தாள் என்றும் பெருமையாகச் சொன்னேன். தாளின் உறையில் அப்படித்தான் போட்டிருந்தது.

நிற்க. அப்போது என்னிடம் இருந்தது நான்கு வண்ணத் தொட்டிகள் கொண்ட ஓர் இங்க்ஜெட் பிரிண்டர். எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு இத்தகைய தொட்டிப் பிரிண்டர்கள் பெரிய விடுதலை. அதற்கு முன்பு கார்ட்ரிட்ஜ் காலம். புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கினால் ஒரு நல்ல நூலின் விலை ஆகும், ஆய்வேட்டில் முப்பது பக்கம் அச்சாவதற்குள் தீர்ந்தும் போகும். தெருமுனைக் கடையில் ஊசிக்குழலால் மை ஏற்றித் தருவார்கள். இரண்டு மூன்று முறை தாங்கும், பிறகு உள்ளிருக்கும் பஞ்சு மக்கிப்போய்க் கோடு விழும். தொட்டிப் பிரிண்டர் வந்ததும் புட்டியைக் கவிழ்த்தால் போதும் என்றாயிற்று. கம்பெனியின் அசல் புட்டிகள் தீர்ந்ததும், கடைக்காரர் நான்கு புட்டிகளை மேசைமேல் வைத்தார். "எல்லா மாடலுக்கும் சேரும் சார். எல்லாம் ஒரே மைதான்." விலை அசலில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதனுடன் நூறு தாள் கொண்ட பளபளப்பான போட்டோ பேப்பர் கட்டு ஒன்று. சிற்றிதழ் அட்டைகளுக்கும் வகுப்புச் சுற்றறிக்கைகளுக்கும் அந்த மையும் தாளும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதே மையில் அதே தாளில் அம்மாவையும் அச்சிட்டேன்.

எம்.ஏ. வகுப்புக்குச் சுவடியியல் தாள் நடத்துகிறவன் நான் என்பதுதான் இதில் வெட்கம். எழுத்தாணி ஓலையில் கீறல் மட்டுமே போடும், எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் விளக்குக் கரியை இலைச்சாற்றிலோ எண்ணெயிலோ குழைத்துத் தடவித் துடைக்க வேண்டும், அதற்கு மையாடல் என்று பெயர் என்று ஆண்டுதோறும் சொல்கிறேன். மங்கிய ஏடுகளுக்கு லெமன்கிராஸ் எண்ணெயும் விளக்குக் கரியும் சேர்த்து மறுபடி மை ஏற்றுவதையும் சொல்கிறேன். ஓலை பூச்சிக்கு இரையாகலாம், முறியலாம், பொடியாகலாம். ஆனால் கரி வெளுத்ததாக ஒருவரும் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் கடைக்குப் போய், இது என்ன மை, எதில் செய்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கிவந்திருக்கிறேன்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு கேட்கத் தொடங்கினேன். பிரிண்டர் சரிசெய்கிறவர் ஒருவர், திருமணப் படம் எடுக்கும் பழைய மாணவர் ஒருவர், இணையத்தில் கிடைத்த கட்டுரைகள் என்று ஓர் ஆறு மாதம் ஓடியது. தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி யாருக்கும் எளிதில் விளங்கக்கூடியதே. ஆனால் புட்டியின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை.

முதலாவது, மை இரண்டு குலம். ஒன்று சாய மை, கடைகளில் டை இங்க் என்பார்கள். மற்றது நிறமி மை, பிக்மென்ட் இங்க். சாய மை டிகாஷனைப் போன்றது. நிறம் நீரில் முழுதும் கரைந்திருக்கும், தாளுக்குள் இறங்கும், வண்ணம் துலங்கும். நிறமி மை நீரில் கலக்கிய அரைத்த சந்தனத்தைப் போன்றது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மிதந்துகொண்டிருக்கும், தாளின்மேல் படிந்து உட்காரும், புட்டியை வெகுநாள் அசைக்காமல் வைத்தால் அடியில் தங்கும். சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அகப்படும். துகளிலோ மேலே இருப்பது சிதைந்தாலும் உள்ளே இருப்பது நிற்கும். விளக்குக் கரியும் நிறமிதான், நம் முன்னோர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவே.

வீட்டுப் பிரிண்டர்களில் ஒரு கலப்பு ஏற்பாடு உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. கேனனின் ஜி வரிசை, எச்.பி.யின் தொட்டிப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு நிறமி மை, மற்ற மூன்று வண்ணங்களும் சாய மை. கடிதத்தின் எழுத்து ஈரம் பட்டாலும் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. எப்ஸனின் எல் வரிசையில் சிறிய மாடல்கள் பலவற்றில் நான்குமே சாயம். ஆகவே 'எல்லா மாடலுக்கும் சேரும்' என்ற புட்டி ஏதாவது ஒரு மாடலுக்கு நிச்சயம் சேராது. போதாக்குறைக்கு, மையைத் துளியாக எறியும் முறையும் இரண்டு. கேனனிலும் எச்.பி.யிலும் ஒரு நுண்ணிய சூடேற்றி மையை ஒரு கணம் கொதிக்கவைத்து, அந்தக் குமிழியின் உந்துதலால் துளி பாயும். எப்ஸனில் மின்சாரம் பட்டால் நெளியும் படிகம் ஒன்று மையை நெட்டித் தள்ளும். கொதிக்கவேண்டிய மை வேறு, நெட்டப்படும் மை வேறு. சூட்டில் கருகிப் படியும் மையை ஊற்றினால் தலை அடைத்துக்கொள்ளும். எனவே மாற்று மை வாங்குவதானால் தன் பிரிண்டரின் மாடல் எண்ணைச் சொல்லி, அந்த மாடலுக்கென்று செய்ததையே கேட்க வேண்டும். எந்தத் தொட்டியில் சாயம், எதில் நிறமி என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது, பால் திரிவதைப்போல உள்ளேயே திரிந்து நிற்கலாம்.

இங்கேதான் அம்மாவின் தலைமுடி எப்படிச் சிவந்தது என்பதன் முதல் முடிச்சு அவிழ்ந்தது. என் பிரிண்டரில் கறுப்பு நிறமி மைதான். அப்படியானால் கறுப்பு வெள்ளைப் படம் கறுப்பு மையில்தானே அச்சாகியிருக்க வேண்டும், அது ஏன் வெளுத்தது? அந்தக் கறுப்பு, பளபளப்பான தாளில் ஒட்டாது. விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். ஆகவே அச்சிடும்போது 'கிளாசி போட்டோ பேப்பர்' என்று தேர்ந்தெடுத்த மறுகணமே பிரிண்டர் கறுப்புத் தொட்டியை ஒதுக்கிவிட்டு, நீலம், செந்நீலம், மஞ்சள் மூன்றையும் கலந்து கறுப்பை உண்டாக்கிக்கொள்கிறது. நான் கறுப்பு என்று கண்டது மூன்று சாயங்களின் கூட்டு. அதில் ஒன்று விலகினால் மற்ற இரண்டின் நிறம் வெளியே வரும். நீலம் போனால் சிவப்பு.

நீலம் ஏன் முதலில் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருப்பது சிவகாசி. சிறுவயதிலிருந்து பார்த்த காலண்டர்களையும் தேநீர்க் கடைச் சுவரொட்டிகளையும் நினைத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த சாமி படங்கள் எல்லாம் நீலமாகத்தான் போகும். அது ஆப்செட் அச்சு மை. அதில் மஞ்சளும் செந்நீலமும் வெயிலில் முதலில் வெளுக்கும், நீலம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இங்க்ஜெட் சாய மையிலும் வெளிச்சத்தால் வெளுப்பதாயிருந்தால் பெரும்பாலும் செந்நீலம்தான் முன்னால் போகும், படம் பச்சை ஓடும். நீலச் சாயம் வெளிச்சத்துக்கு அவ்வளவு அஞ்சாது. அது அஞ்சுவது காற்றுக்கு. காற்றிலிருக்கும் ஓசோனும் வண்டிப் புகையில் பிறக்கும் வாயுக்களும் நீலச் சாயத்தைச் சிதைத்துவிடும். 2000-ஆம் ஆண்டில் எப்ஸன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 ஆகிய பிரிண்டர்களில், நிறுவனத்தின் சொந்தத் தாளிலேயே அச்சிட்ட படங்கள் சிலரது வீடுகளில் மிக விரைவாக ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பி, அது உலகெங்கும் பெரிய சர்ச்சையாயிற்று. அப்போதுதான் காற்று என்ற எதிரியைப் பலரும் கவனிக்கத் தொடங்கினார்கள். அதுவரை வெளிச்சம் ஒன்றையே எல்லோரும் அளந்துகொண்டிருந்தார்கள். வண்ணப் படங்களின் ஆயுளைப் பற்றி 1993-இல் தடிமனான நூல் ஒன்றை வெளியிட்டவர் ஹென்றி வில்ஹெல்ம். அவருடைய ஆய்வகம் பிற்பாடு வெளியிட்ட மதிப்பீடுகளில் கண்ணாடிக்குள் எத்தனை ஆண்டு, திறந்த நிலையில் எத்தனை ஆண்டு, ஓசோனை எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியாகக் குறித்திருப்பதைக் காணலாம்.

ஆக, படம் பச்சை ஓடினால் வெயில். சிவந்தால் காற்று. பெரியம்மாவின் சுவரில் வெயில் படவில்லை. அவர் முதலில் சொன்னதுதான் சரி. கண்ணாடி வேண்டாம் என்று சொல்லி, பேருந்துச் சாலையைப் பார்த்த கூடத்தில், மின்விசிறிக்கு நேர் எதிரே அதைக் காற்றுக்குக் கொடுத்தவன் நான்.

இருந்தாலும் படித்ததை மட்டும் நம்ப மனம் வரவில்லை. 2019 ஜூனில் வீட்டில் ஒரு சோதனை வைத்தேன். சாம்பல் நிறப் படிகளும் ஒரு முகமும் கொண்ட சிறு துண்டு ஒன்றைப் பல மைகளில் பல தாள்களில் அச்சிட்டேன். என் பிரிண்டரின் 'எல்லாவற்றுக்கும் சேரும்' மை, அதே மாடல் வைத்திருந்த சக ஆசிரியரின் வீட்டில் அசல் மை, மாணவரின் கடையில் மாடலுக்கென்று செய்த மாற்று மை, ஓவிய நண்பர் ஒருவரிடம் நிறமி மை. ஒரு வரிசையைத் தெற்கு ஜன்னலில் ஒட்டினேன். ஒன்றை மின்விசிறிக்கு எதிரே திறந்தபடி. அங்கேயே இன்னொன்றைக் கண்ணாடிக்குள். ஒன்றை பீரோவில் அகராதிக்குள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இது என்ன தோரணம் என்று கேட்டார்கள். மனைவி பதில் சொல்லிச் சலித்துப்போய், "அவரோட ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லத் தொடங்கினாள்.

ஆராய்ச்சி என்று சொல்லத் தகுதியில்லை, அளவுகருவி எதுவும் கிடையாது, கண்தான். ஆனால் கண்ணுக்கே போதுமான வித்தியாசம் இருந்தது. விசிறிக்கு எதிரே இருந்த மலிவு மைத் துண்டு ஆகஸ்டிலேயே சிவக்கத் தொடங்கியது. அதே மை ஜன்னலில் பச்சை ஓடி வெளுத்தது. அசல் சாய மையும் விசிறிக்கு எதிரே கொஞ்சம் சிவந்தது, ஆனால் தாமதமாக. மாடலுக்கென்று செய்த மாற்று மை இரண்டுக்கும் நடுவே நின்றது. மலிவாக இருப்பதாலேயே எல்லா மாற்று மையும் மோசம் என்று சொல்ல முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். நிறமி மையில் மாற்றமே தெரியவில்லை. என்னை வாயடைக்கச் செய்தது வேறொன்று. அதே விசிறிக்கு எதிரே, அதே மலிவு மை, கண்ணாடிக்குள் இருந்த துண்டு 2020 மார்ச்சில் எடுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. முந்நூறு ரூபாய்ச் சட்டம் ஒன்று போதுமாயிருந்திருக்கிறது.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில்தான் ஏமாற்று அதிகம். நம்மவர்கள் தாளின் தரத்தை ஜி.எஸ்.எம். என்ற எண்ணால் அளக்கிறார்கள். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பது மட்டுமே. எடை கூடினால் கையில் கனமாக இருக்கும், மேற்பூச்சு என்ன என்பதை அது சொல்லாது. நான் வாங்கியது காஸ்ட் கோட்டட் என்ற வகை. சாதாரணத் தாளின் ஒரு பக்கத்தில் பூச்சு பூசி, ஈரத்தோடேயே மெருகேற்றிய உருளையில் அழுத்திப் பளபளப்பை உண்டாக்குவார்கள். விலை குறைவு. அடியில் வெறும் தாள் என்பதால் மழைக்காலத்தில் அப்பளம்போல் சுருளும். இதற்கு மேற்பட்டது ரெசின் கோட்டட் வகை. தாளின் இரு புறமும் மெல்லிய பாலித்தீன் உறை, அதன்மேல் சிலிக்கா போன்ற நுண்பொடியால் ஆன பூச்சு. ஸ்டூடியோ படத்தைத் தொட்ட உணர்வு கிடைக்கும், சுருளாது. ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பிளாஸ்டிக் தோல் இழுபடும்.

இரண்டிலுமே பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. மை துளைக்குள் உடனே இறங்கிவிடுவதால் அச்சிட்ட மறு நிமிடமே கையால் தொடலாம், தண்ணீர் பட்டாலும் எளிதில் கலையாது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று உறையில் போட்டிருப்பதன் பொருள் அவ்வளவுதான். மை இறங்கிய அதே துளை வழியாகக் காற்றும் இறங்கும். உடனே உலர்கிற தாளில் சாய மை காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. முன்பு ஜெலட்டின் போன்ற பூச்சு கொண்ட தாள்கள் பரவலாக இருந்தன. மை பட்டதும் பூச்சு ஊதி, அதைத் தனக்குள் மூடிக்கொள்ளும். உலர நாளாகும், ஈரக் கை பட்டால் பிசுபிசுக்கும், ஆனால் சாயம் உள்ளே பத்திரமாக இருக்கும். உடனே உலர வேண்டும் என்ற அவசரத்தில் சந்தை அதைப் பெரும்பாலும் கைவிட்டது.

நிறமி மைக்குத் தாள் தேர்வு வேறு மாதிரி. பளபளப்பில் துகள்கள் மேலே நின்று, சாய்த்துப் பார்த்தால் செம்புப் பாத்திரத்தின் மினுக்கம் ஒன்று தெரியும். சொரசொரப்பான மேட் தாளே அதற்குப் பொருத்தம். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சிட்ட மேட் தாளாக இருக்க வேண்டும், வரைபடத் தாளில் அச்சிட்டுவிட்டு மை மோசம் என்று சொல்லக் கூடாது (நான் சொன்னேன்). அச்சிடும்போது பட்டியலில் சரியான தாளைத் தேர்வதும் முக்கியம். எவ்வளவு மை விட வேண்டும், எந்தக் கறுப்பை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்தான் முடிவு செய்கிறது.

கேள்வித்தாள், சுற்றறிக்கை, சிற்றிதழின் சோதனைப் பிரதி இவற்றுக்கெல்லாம் நான் இன்றும் மாற்று மைதான் பயன்படுத்துகிறேன், அதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஒரு வாரம் வாழ்ந்தால் போதும் என்பவை அவை. படங்களுக்கு, நேர்மையாகச் சொன்னால், லேபில் கொடுத்து ரசாயன முறையில் வண்ணத் தாளில் எடுத்துக்கொள்வதே மலிவும் நிம்மதியும். ஆனால் எந்த லேப் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டிரை லேப் என்று சொல்லப்படுபவற்றில் பலவும் உள்ளே இங்க்ஜெட்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் லேபில் கொடுத்துவிட்டு ஓய்ந்திருக்கலாம். கொடுக்கவும் செய்தேன், அந்தப் பிரதி பீரோவில் இருக்கிறது. ஆனால் பெரியம்மாவின் சுவருக்கு நானே அச்சிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஆறு வண்ணங்கள் கொண்ட, படிகத் தலையுள்ள பழைய பிரிண்டர் ஒன்றை மாணவரிடமிருந்து வாங்கினேன். அதிலிருந்த சாய மை முழுவதையும் உறிஞ்சி எடுத்து, கழுவும் திரவம் விட்டு அலசி, மாற்று நிறமி மை ஊற்றினேன். நிறமி மைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நாள் சும்மா கிடந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். ஊரடங்குக் காலத்தில் ஞாயிறுதோறும் புட்டிகளைக் குலுக்கி ஊற்றி, ஒரு சோதனைப் பக்கம் அச்சிட்டு அதை உயிரோடு வைத்திருந்தேன். நடுவில் ஒரு முறை மஞ்சள் அடைத்து, இரண்டு நாள் போராடித் திறந்தது.

மறுபடியும் அசல் படத்தை எடுத்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தேன். மாற்று மையில் கம்பெனியின் வண்ணக் கணக்கு பொருந்தாது. கறுப்பு வெள்ளைப் படம் டியூப் லைட்டில் பச்சையாகவும் குண்டு பல்பில் சிவப்பாகவும் தெரிந்தது. கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் கூட்டி, பதினான்கு முறை அச்சிட்டேன். உலர்வதற்காகக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். அறைக்குள் வந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். "அத்தைய இப்டி வரிசையாப் பாக்க முடியல, சீக்கிரம் எடுத்து வைங்க" என்றாள். எனக்கு அதுவரை அவை சாம்பல் நிறப் படிகளாக மட்டுமே தெரிந்திருந்தன. பதினான்கு முகங்களையும் அடுக்கி எடுக்கும்போது கை நடுங்கியது.

இந்த முறை விரல்களை அழிக்கவில்லை. எதுவரை வெட்டினால் அம்மா தனியாகவும் இருப்பாள், தோளில் அந்த நான்கு விரல்களும் இருக்கும் என்று பார்த்து வெட்டினேன். இரண்டு நாள் உலரவிட்டே சட்டம் போட்டேன், ஈரத்தோடு அடைத்தால் மையிலிருந்து எழும் ஆவி கண்ணாடியின் உட்புறம் புகைபோல் படியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டைக் கரை வைக்கச் சொன்னேன். ஒரு படம் கண்ணாடியோடு ஒட்டியது போதும்.

2021 தையில் கோவில்பட்டிக்குப் போனேன். இரண்டையும் கொண்டுபோயிருந்தேன், 1974-இன் அசலையும் புதிய படத்தையும். அசலைத்தான் முதலில் கொடுத்தேன். "இது ஒங்களது பெரியம்மா. அன்னைக்கே குடுத்திருக்கணும்" என்றேன். வெயில் என்று அன்று நான் சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன். ஓசோன், சாயம் என்றெல்லாம் விளக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அசலை முந்தானையால் ஒரு முறை துடைத்து, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பட்டுச் சேலையின் மடிப்புக்குள் வைத்தார்.

திரும்பி வந்து புதிய படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிமேல் விரலை வைத்து அம்மாவின் தோளைத் தொட்டார்.

"இது எங்கைய்யா" என்றார். "போன தடவ இது இல்லையே."

"ஆமா பெரியம்மா. அப்ப நான் அழிச்சிட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஆணியிலேயே மாட்டச் சொன்னார். நாற்காலி போட்டு ஏறி மாட்டினேன். கீழே நின்று, இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று சரிபார்த்துச் சொன்னார். நான் இறங்கியதும் கேட்டார்:

"இது எத்தன வருசத்துக்கு இருக்கும்ய்யா?"

இந்தப் புட்டி மையையும் இந்தத் தாளையும் சேர்த்து யாரும் எந்த ஆய்வகத்திலும் சோதித்ததில்லை. என் ஜன்னலில் பத்து மாதம் பார்த்ததுதான் கணக்கு. அதைச் சொன்னேன்.

"எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, குங்குமச் சிமிழை எடுத்துவர உள்ளே போனார்.